நாத்தனாருக்கு ஒரு டிசைன்

“இதென்ன அண்ணி, எழுத்தா, ஈரும் பேனுமா? கொஞ்சம் பெருசா எழுதுங்களேன்,” என்றாள் நாத்தனார்.

ஸ்வெட்டரக்காவுக்குச் சுருக்கென்றது. தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். குல்லாவோ, மஃப்ளரோ, குழந்தை ஸ்வெட்டரோ, எந்த வரிசையில் எத்தனை கண்ணி, எப்படிப் பின்ன வேண்டும் என்று டிசைன் எழுதி உல்லன் கடைக்குக் கொடுப்பவள். கடைக்காரர் அச்சடித்து விற்பார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் எழுத்தைக் குறை சொன்னதில்லை.

“எல்லாரும் இதைப் பார்த்துத்தானேம்மா பின்றாங்க?”

“எனக்குத் தெரியலையே. கண்ணு முன்ன மாதிரி இல்லை அண்ணி.”

மாடியிலேயே குடியிருப்பவளிடம் முகத்தைக் காட்ட முடியுமா? பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாளே நாத்தனார் இறங்கி வந்துவிட்டாள்.

“கட்டத்துக்குள்ள புள்ளி இருந்தா பர்ல் பின்னல், இல்லாட்டி நிட் பின்னல்னு போட்டிருக்கீங்க. எனக்குப் புள்ளியே தெரியலை. எல்லாத்தையும் வார்த்தையா எழுதிடுங்க.”

“வார்த்தையா எழுதினா பக்கம் பக்கமாப் போகுமே.”

“போகட்டும். ஒவ்வொரு வரிசையும் தனித் தனி வரியா இருக்கணும். முடிச்சதும் ஊசியில எத்தனை கண்ணி இருக்கணும்னும் சொல்லிடுங்க.”

அடுத்த வாரம், காகிதம் பளபளக்கிறது, கண் கூசுகிறது என்றாள். அதற்கப்புறம், கறுப்பு நூலுக்குக் கறுப்பு ஊசியா, வெள்ளை ஊசி என்று எழுதுங்கள் என்றாள்.

“உங்க தங்கச்சிக்கு நான் டிசைன் எழுதறேனா, பரீட்சை எழுதறேனா?” என்று ஸ்வெட்டரக்கா புருஷனிடம் புலம்பினாள். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். இந்த விவகாரத்தில் தலையைக் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா?

இதற்கு நடுவில் கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார்.

“என்னம்மா, இந்தத் தடவையும் கட்டத்துல புள்ளி விட்டுப்போச்சு. ஒரு அம்மா முதுகுப் பக்கம் பூராப் பின்னிட்டுப் பிரிச்சாங்களாம். இன்னொரு தடவை இப்படி ஆனா உங்க டிசைனைக் கடையில வைக்க முடியாது.”

“நான் சரியாத்தான் கொடுத்தேன். அச்சகத்துல விட்டிருப்பாங்க. மையே போடறதில்லை, எல்லாம் மங்கலா அடிக்கிறாங்க.”

“உங்க நாத்தனாருக்காக எழுதினதுன்னு ஒரு பெரிய எழுத்து டிசைனையும் அச்சடிக்கக் கொடுத்தீங்களே, அதுவும் அதே அச்சகம்தான். அதுல ஒரு தப்பும் இல்லையே. நாலு பேர் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க.”

“அது அவளுக்காகப் பார்த்துப் பார்த்து எழுதினது,” என்றாள் கொஞ்சம் பெருமையாக.

உண்மைதான். எரிச்சல் எப்போது பாசமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. பாவம், ஆசையாகப் பின்னுகிறவள், பார்வை போதவில்லை என்று ஊசியைக் கீழே வைக்கலாமா? கண்ணை மூடிக்கொண்டு தானே பின்னிப் பார்த்தாள். விரல் குழம்பிய இடத்திலெல்லாம் டிசைனை மாற்றினாள். எதுவரை பின்னியிருக்கிறோம் என்று தடவினாலே தெரியும்படி அங்கங்கே ஒரு வரிசையை மேடாக வரவைத்தாள்.

நாத்தனார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நீங்க கெட்டிக்காரி அண்ணி,” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

“அது இருக்கட்டும். நீ மொதல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டு.”

“தனியாப் போக பயமா இருக்கு, கூட வாங்கன்னு எத்தனை தடவை கேட்டுட்டேன். நீங்க எங்க வர்றீங்க?”

வேலையைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தது ஸ்வெட்டரக்காவுக்கு உறுத்தியது. “நாளைக்கே போகலாம்,” என்றாள்.

கண் ஆஸ்பத்திரி வாசலில் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “படி இருக்கு, பார்த்து வா,” என்றவள் தானே தடுக்கினாள். நல்ல வேளை, நாத்தனார் தாங்கிக்கொண்டாள்.

நர்ஸ் கூப்பிட்டது ஸ்வெட்டரக்காவின் பேரை.

“என் பேரை எதுக்குக் கொடுத்தே?”

“நீங்க மொதல்ல காட்டுங்க அண்ணி. அப்பதான் எனக்குத் தைரியம் வரும்.”

சின்னக் குழந்தைதான் போ, என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். சுவரில் இருந்த எழுத்துகளில் மேல் வரிக்குக் கீழே எதுவும் பிடிபடவில்லை.

“லைட் மங்கலா இருக்கு டாக்டர்.”

“லைட் நல்லா இருக்கும்மா,” என்றார் டாக்டர் மெதுவாக. மருந்து விட்டு, கருவி வைத்து வெகுநேரம் பார்த்தார். “உங்க பார்வைதான் நடுப்பகுதியில மங்கிட்டு வருது. இதுக்கு மேல மோசமாகாமப் பார்த்துக்கலாம். போனது திரும்பாது.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவம், அந்த அச்சகத்துக்காரனை என்னவெல்லாம் திட்டியிருக்கிறாள்.

“என் பிழைப்பே போச்சேம்மா. புள்ளி தெரியாம இனிமே நான் எதை எழுதுவேன், எதைப் பார்த்துப் பின்னுவேன்?” நாத்தனாரிடம் அழுது தீர்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்னை விடு. நீ போய்க் காட்டிட்டு வா,” என்றாள்.

நாத்தனார் நகரவில்லை. எதிர்ச் சுவரில் பொடி எழுத்தில் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள்.

பிறகு முந்தானையால் அண்ணியின் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: “அந்தப் பெரிய எழுத்து டிசைனெல்லாம் யாருக்காக எழுத வச்சேன்னு நினைக்கிறீங்க அண்ணி?”