ஒரே தொட்டித் தண்ணீர்

"இருபது... இதுவும் இருபது... ஐயையோ, இது மட்டும் எண்பது காட்டுதே மேடம்!"

அலங்கார மீன் கடையின் முதலாளியம்மா கல்லாவிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"எண்பதா? எப்படிக்கா வரும்? மூணு பாட்டிலும் ஒரே தொட்டித் தண்ணின்னு முதல்லயே சொன்னேனே!"

வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் பாட்டிலில் கொண்டுவரும் தொட்டித் தண்ணீரைச் சோதித்துச் சொல்ல, அந்தக் கடைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்குத்தான் அவள் வந்திருந்தாள். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஒரு நிறம் வரும். அதை அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு, தண்ணீர் பழசாக ஆக ஏறும் நைட்ரேட் எவ்வளவு என்று எழுத வேண்டும்.

நிறம் பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெயிண்ட் கடையில் பதினோரு வருடம் நிற அட்டைகளோடு குப்பை கொட்டியவள். அந்தக் கடையை மூடி ஐந்து மாதமாகிறது. வேலை கேட்டு அவள் ஏறி இறங்கிய படிகளில் இது பன்னிரண்டாவது. இதுவும் கைநழுவிப் போனால் அடுத்து எங்கே போவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"டெஸ்ட் பண்ற கிட் சரியில்லன்னு கஸ்டமருங்க தினமும் சண்டைக்கு வர்றாங்க. ஒரே தண்ணிக்கு ஒரே நம்பர் வருதான்னு பார்க்கத்தான் மூணு பாட்டில் குடுத்தேன். செய்யற கை சுத்தமா இருந்தா மூணும் ஒண்ணாதான் வரணும்."

"குழாயைச் சரியா கழுவலையோ என்னவோ. இன்னொரு தடவை பார்க்கட்டுமா மேடம்?"

"பாருங்க, பாருங்க."

குழாய்களைக் கழுவித் துடைத்தாள். மருந்தைக் கை வலிக்கக் குலுக்கினாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இது என்ன மாயம் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்ற வீம்பும் வந்துவிட்டது. முதல் பாட்டில் தண்ணீரை மூன்றாவது குழாயிலும், மூன்றாவது பாட்டில் தண்ணீரை முதல் குழாயிலும் ஊற்றினாள். ஐந்து நிமிடம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

குழாய் மாறியும் குணம் மாறவில்லை. மூன்றாவது பாட்டில் தண்ணீர் மட்டும் செக்கச்செவேல் என்று சிவந்து நின்றது.

"மறுபடியும் எண்பது மேடம்."

"கஸ்டமர் முன்னாடி இப்படித் தடுமாறினா என் கடை மானம் போயிடும்க்கா. ஒரே தண்ணின்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு அதோட மல்லுக்கட்டறீங்க? சட்டுபுட்டுன்னு எழுதிக் குடுங்க."

தாளில் இரண்டு கட்டங்களில் இருபது என்று எழுதினாள். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. இங்கேயும் இருபது என்று போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? வேலையும் கிடைத்துவிடும். ஆனால், கண்ணெதிரே சிவப்பாக நிற்பதை, அட்டையில் இருபதுக்கு உள்ள ஆரஞ்சு என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

எண்பது என்றே எழுதி நீட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம். என் கையிலதான் ஏதோ கோளாறு போல. ஆனா நான் பார்த்தது இதைத்தான்."

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க? மூணாவது பாட்டில்ல இருக்கறது வேற தொட்டித் தண்ணி. மூணு மாசமா மாத்தாத தண்ணி! எல்லாம் ஒண்ணுதான்னு நான் சொன்ன பொய்யை நம்பி, உங்களுக்கு முன்னாடி வந்த ஆறு பேரும் இருபது, இருபது, இருபதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க."

அவள் திகைத்துத் திரும்பினாள். முதலாளியம்மா எழுந்து வந்து, நிற அட்டையை அவள் கையில் வைத்தாள்.

"போன மாசம் என் வீட்டுக்காரர் இதே பொய்யைச் சொல்லி என்னைச் சோதிச்சப்ப, நானும் மூணுக்கும் இருபதுன்னுதான்க்கா எழுதினேன்!"