கடைசி இதழ்

சில்வெஸ்டர் கையால் தொடங்கிய எதுவும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. செமோரிலுள்ள வீட்டில் அவர் செய்த நாற்காலிக்கு இன்றும் மூன்று கால்தான். அதனால்தான் கட்டியை எடுக்க ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ரோசரி, "அந்தப் போர்வைப் பெட்டிய முடிச்சு வைங்க, நானும் நல்லபடியா வந்துர்றேன் லா" என்று கேலி செய்தாள். மனைவியின் கேலியை அவர் வேண்டுதலாக எடுத்துக்கொண்டார்.

வருஷக்கணக்கில் காய்ந்த ரப்பர் மரப் பலகை. மூடியில் பூ வடிவில் குழி தோண்டி, கறுப்பு மரத்துண்டுகளை இதழ் இதழாகப் பதித்தார். கடைசி இதழ் சுத்தியல் பட்டு நொறுங்கியது. வேறு துண்டு இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதார். அதையும் முடிக்க முடியவில்லை, போன் அடித்தது.

"என்னங்க, கட்டி கெட்டது இல்லையாம். சாயங்காலம் வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாங்க!"

உடம்பெல்லாம் லேசாகி, மூடியில் கையூன்றினார். ஈரமாக இருந்தது. நொறுங்கிய துண்டுகள் தரையிலேயே கிடந்தன. குழியில் முழு இதழ் இருந்தது. அதன் ஓரத்தில், காலையில் சீவிய ரப்பர் மரம்போல, வெள்ளையாகப் பால் கசிந்தது.

"பெட்டி என்னாச்சு?"

"முடிஞ்சிருச்சு."

"அட, யாரு முடிச்சுக் குடுத்தா?"

சில்வெஸ்டர் விரலை எடுத்தார். பால் நூலாக நீண்டு, கூடவே வந்தது.