ஏழாவது நாவலுக்கு ஒரு வசவு

விமர்சகர் வீட்டு அழைப்புமணியை நாவலாசிரியர் விடாமல் அழுத்தினார். வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஒன்று வாசலிலும் மற்றொன்று படியிலுமாகக் கிடந்தது.

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? இலக்கிய வட்டாரத்தில் 'கோடரி' என்று பெயரெடுத்த இந்த மனுஷர், நாவலாசிரியரின் முந்தைய ஆறு நாவல்களையும் பத்திரிகையில் கிழிகிழியென்று கிழித்தவர். முதல் நாவலுக்கு, 'தலையணை இல்லாதவர்கள் வாங்கலாம்' என்று எழுதினார். மூன்றாவதைப் பற்றிய கட்டுரை முழுக்க, அதற்குக் காகிதமாகிப் போன மரங்களுக்கு இரங்கல்.

கதவைத் திறந்த விமர்சகரின் முகத்தில் ஈயாடவில்லை. "வாங்க" என்றார், வேறு வழியில்லாமல்.

கூடத்து அலமாரியில் அந்த ஆறு நாவல்களும் அச்சகம் போட்ட கண்ணாடித்தாள் உறையோடு பளபளவென்று நின்றன. எதிரியானாலும் தூசி படாமல் வைத்திருக்கிறானே என்று நாவலாசிரியருக்கு மனசு கொஞ்சம் இளகியது.

அடுத்த கணமே வயிறு எரிந்தது. சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் அவருடைய ஏழாவது நாவல், அண்மையில்தான் வெளிவந்த புத்தகம், முதுகு ஒடிந்து, பக்கமெல்லாம் காது மடங்கி, அட்டையில் டீ டம்ளர் வட்டத்தோடு கிடந்தது. பழைய பேப்பர்காரர்கூட இதைவிட மரியாதையாக வைத்திருப்பார்.

"இதுக்கு ஏன் சார் இன்னும் ஒரு வரிகூட எழுதல?"

"வேண்டாமே. விட்டுடுங்க."

"எப்படி விடறது? நீங்க திட்டினாத்தான் சார் என் புத்தகம் விக்குது! அப்படி என்னதான் மோசமா எழுதியிருக்கான்னு பாக்கவே வாங்கறாங்க. மத்தவங்க பாராட்டினா ஒருத்தனும் தொடறதில்ல. இந்த மாசம் உங்க வசவு வரலைன்னா, எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடுவேன், அடுத்த நாவல்னு இந்தப் பக்கமே வராதீங்கன்னு பதிப்பாளர் சொல்லிட்டார்."

இலக்கியம் வளர்கிற லட்சணம் அப்படி. நாற்பது வருஷம் எழுதியவர், தன்னைத் திட்டச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குச் சிரமமே வேண்டாம். நானே யோசிச்சு வெச்சிருக்கேன். 'மகா அறுவை'ன்னு ஆரம்பிங்க. கடைசியில, 'இந்த ஆள் கையில இருந்து யாராவது பேனாவைப் பிடுங்குங்க'ன்னு முடிச்சிடுங்க."

"நானும் உக்காந்து பாத்துட்டேன். வரமாட்டேங்குது."

"ஆறு புத்தகத்துக்கு அருவி மாதிரி கொட்டிச்சே சார்! இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு? உங்களுக்கு என் மேல அப்படி என்ன விரோதம்?"

விமர்சகர் எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்கிற பயம் முகத்தில் அப்பிக் கிடந்தது.

"விரோதமெல்லாம் இல்ல. திட்டறதுக்கு மனசே வரல."

"அதான் ஏன்னு கேக்கறேன்?"

"இந்தத் தடவ படிச்சுத் தொலைச்சுட்டேன்!"