பின்கதவுக் குரல்

மேவிஸுக்குக் காது போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. காதுக்குள் பொருத்திய கேட்புக் கருவியை மெல்பர்ன் மருத்துவமனையில் முதன்முதலாக இயக்கியபோது, எல்லோர் குரலும் தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்டது. கணவன் கிளைவின் குரலும் அப்படித்தான்.

"வாத்து கத்துற மாதிரி இருக்கு உன் பேச்சு," என்று சிரித்தாள்.

"இத்தனை நாள் தப்பிச்சுட்டே. இனிமே கேட்டுத்தான் ஆகணும்," என்றான் அவன்.

மூளை பழகச் சில மாதங்கள் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் ஜீலாங் ஊரிலுள்ள தங்கள் வீட்டில் அவள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்கதவுக்கு வெளியே ஒரு சிறுமி கூப்பிட்டாள்.

"அம்மா, உள்ள விடும்மா. குளிருது."

அந்தக் குரலில் மட்டும் தகரச் சத்தம் இல்லை. காது நன்றாக இருந்த காலத்தில் கேட்டது போல அத்தனை தெளிவு. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

"யாரோ பாப்பா வெளிய நிக்குது கிளைவ். பாவம், குளிருதாம்," என்று தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

கிளைவ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"உனக்கும் கேக்க ஆரம்பிச்சிடுச்சா?"

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தான். தினமும் இந்நேரத்துக்கு அவன் அதைச் செய்வதை அவள் பார்த்திருக்கிறாள். காற்றில் கதவு திறந்துவிடாமல் இருக்க என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.