இன்னும் ஒரு மாசம்

“அப்பா, வண்டி எப்பதான் முடியும்?”

தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே மாமனார் சொன்னார். “இன்னும் ஒரு மாசம்மா.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.”

“பழைய வண்டிம்மா. பிரிக்கப் பிரிக்கத்தானே வியாதி தெரியுது.”

மகள் முகம் சுண்டிப்போய் எழுந்து சமையலறைக்குள் போனாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பெற்ற மகளுக்கே சலித்துவிட்டது.

மாமனார் பஸ் டிப்போவில் என்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் ஓட்டை காரை லாரியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து இறங்கினார். “எங்க மாடி வீட்ல இடமில்ல மாப்ள. உங்க ஷெட்ல வச்சு ரெண்டே மாசத்துல சரி பண்ணிட்டு, அதுலயே ஏறிப் போயிடறேன்” என்றார். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. கார்தான் ஓடவில்லை.

ஷெட்டில் இருந்தது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கூடத்துச் சுவரில் இரண்டு கார் கதவுகள் சாய்ந்து நின்றன. ஜன்னலுக்குக் கீழே பின்சீட். குளியலறை வாளியைத் தூக்கினால் மண்ணெண்ணெயில் ஊறும் நட்டு, போல்ட். அவனுடைய ஸ்கூட்டர் வெளியே மழையில் நனைந்து துருவேறிக்கொண்டிருந்தது.

அவன் கிடங்கு சூப்பர்வைசர். தன் கையால் எண்ணாத பெட்டியை உள்ளே விடமாட்டான். வீட்டிலும் அப்படித்தான். மனைவி வேலை பார்க்கிற கிளினிக்குக்குக் காலை, மதியம், சாயந்தரம் என்று போன் போட்டுவிடுவான். பின்னால் கேட்கிற ஆண் குரல் யாருடையது என்று தெரிந்த பிறகுதான் வைப்பான். அப்படிப்பட்டவன் கண்ணிலேயே ஒரு கிழவர் மண்ணைத் தூவுவதா?

தட்டோடு சமையலறைக்குள் போய்ச் சொன்னான். “உங்கப்பா வேணும்னே இழுக்கறாரு. இங்கயே டேரா போடத் திட்டம்.”

“எனக்கு மட்டும் அது சீக்கிரம் முடிய வேணாமா?” என்றாள் அவள், திரும்பாமல்.

“அப்ப நீயும் என் கட்சிதான். சரி, நேத்து கிளினிக்லேருந்து வர ஏன் லேட்டு?”

“பஸ் வரல.”

“எந்த பஸ்?”

சொன்னாள். திருப்தியோடு கை கழுவினான்.

மறுநாள் அவன் அரை நாள் லீவு போட்டான். மனைவி கிளினிக்கில். மாமனார் ஏதோ ரப்பர் பைப் வாங்க வெளியே போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மெக்கானிக்கை ஷெட்டுக்குள் கூட்டிவந்தான்.

“உண்மையில இது முடிய எவ்வளவு நாளாகும்? அதை மட்டும் சொல்லுங்க.”

மெக்கானிக் சிரித்தார். “வீட்ல வண்டியைப் பிரிச்சவங்க சொல்ற கணக்கை மூணால பெருக்கணும் சார். பொண்டாட்டிகிட்ட சொல்ற கணக்குன்னா அஞ்சால.”

“இது மாமனார் கணக்கு.”

“அது எனக்குப் புதுசு.”

பானெட்டைத் தூக்கிக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ஒரு போல்ட்டை விரலால் தடவினார். பின்னால் போய் சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் கன்னங்கரேலென்று வந்தது.

“சார், இது ஓடற வண்டி.”

“என்னது?”

“புகைக்கரி புதுசா இருக்கு. இந்த போல்ட்டைப் பாருங்க, மூலையெல்லாம் மழுங்கிப்போச்சு. ஒரு தடவை, ரெண்டு தடவை கழட்டினா இப்படி ஆகாது. யாரோ மாட்டறதும் கழட்டறதுமா இருக்காங்க. இப்ப கார்பரேட்டர் மட்டும்தான் வெளிய இருக்கு. மாட்டினா ஒரு மணி நேரத்துல கிளம்பும். கதவெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.”

“நாளைக்குக் காலையில வந்துடுங்க” என்றான் அவன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான்.

மாமனார் பைப்போடு திரும்பியபோது அவன் கூடத்திலேயே காத்திருந்தான்.

“வாங்க மாமா. நாளைக்குக் காலையில மெக்கானிக் வர்றாரு. ஒரு மணி நேரத்துல வண்டி ஸ்டார்ட் ஆயிடுமாம்.”

கிழவர் முகம் வெளுத்தது. “வேணாம் மாப்ள. வரச் சொல்லாதீங்க.”

“ஏன், குட்டு உடைஞ்சுடுமா?”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“என் நல்லதுக்கா? ஓடற வண்டியைக் கழட்டிக் கழட்டி வச்சுக்கிட்டு ஒரு வருஷமா ஓசிச் சோறு. என்னைப் பார்த்தா இளிச்சவாயன் மாதிரி இருக்கா?”

மாமனார் தெருவை எட்டிப் பார்த்தார். மகள் வர இன்னும் நேரமிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து கார் சீட்டில் உட்கார்ந்தார்.

“நான் சொன்ன மாதிரி ரெண்டாவது மாசமே வண்டி ஓடிடுச்சு மாப்ள. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பேன். திரும்பக் கழட்டி வச்சுடுவேன்.”

“அதைத்தான் கேக்கறேன். ஏன்?”

“உங்க சந்தேகத்தோட இனிமே குடும்பம் நடத்த முடியாது, என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு உங்க பொண்டாட்டி அப்பவே பெட்டியைக் கட்டிட்டா. வண்டி முடியட்டும்மா, அதுலயே சேர்ந்து போலாம்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க திருந்த ஒரு மாசம் ஆகும்னு கணக்குப் போட்டேன். அப்புறம் இன்னொரு மாசம் போட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“இனிமே நீங்களே கழட்டுங்க மாப்ள. எனக்குக் கை வலிக்குது.”