வீங்க வைக்காத கடலை

"என் பிள்ளையோட ரத்தம் உங்களுக்கு எதுக்கு?"

அந்த இளம் தாய் மகனை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மேடம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

போன மாதம் யாரோ கொடுத்த பிஸ்கட் ஒன்று. அதில் வேர்க்கடலை அரைத்துச் சேர்த்திருந்தது தெரியாமல் போயிற்று. வாண்டுவின் உதடு வீங்கி, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்ததும், காலில் செருப்புகூட இல்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு இதே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அன்றிலிருந்து அவன் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள்.

"கடலைச் செடியோட மரபணுவில ஒரு சின்ன இடத்தை வெட்டி மாத்துறோம்மா. வீக்கம் வர வைக்கிற புரதம் அந்தச் செடியில உண்டாகாது" என்றார் மேடம். "அப்படி நிறைய செடி வளர்த்திருக்கோம். ஆனா எது நல்லது, எது பொல்லாததுன்னு பார்த்துச் சொல்ல முடியலை. எல்லாம் ஒரே மாதிரிதான் பூக்குது, காய்க்குது."

"அதுக்கு இவனைத் தின்னு பார்க்கச் சொல்றீங்களா?"

"இல்லம்மா. வாயில படவே படாது. கொஞ்சம் ரத்தம் போதும். கடலைச் சாறோட கண்ணாடிக் குழாயில சேர்த்தா, ரத்தம் சண்டைக்குப் போகுதா, சும்மா இருக்குதான்னு தெரிஞ்சிடும்."

"ஊசி எனக்கா?" என்றான் வாண்டு. "அம்மாவுக்குப் போடுங்க. அம்மாகிட்டதான் நிறைய ரத்தம் இருக்கும்."

மேடம் சிரித்து, அவன் தலையைத் தொடக் கை நீட்டினார். இவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம். கடலையைத் தொட்ட கை."

"குளிச்சு, வேற துணி மாத்திட்டுத்தாம்மா வந்தேன்." நீட்டிய கையை மேடம் மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு பையனோட ரத்தத்துக்கு ஒரு செடி ஒத்துக்கிச்சு. கடலையில பல புரதம் இருக்கு. அவனுக்கு ஒத்துக்கிட்டது உங்க பையனுக்கு ஒத்துக்கும்னு சொல்ல முடியாது. அதான் இன்னும் சில பிள்ளைங்க ரத்தத்திலயும் பார்க்கணும்."

"ஊர்ல எவ்வளவோ பிள்ளைங்க இருக்கு. அங்க போய்க் கேளுங்க. நான் சூடு பட்ட பூனை. ஆண்டவன் படைச்ச செடியை வெட்டுறது உங்க பாடு. என் பிள்ளையைச் சோதனை எலியாக்காதீங்க."

"சரிம்மா. கட்டாயம் இல்லை."

அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது இவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க ஒரு பிள்ளையைப் பெத்து வளர்த்திருந்தா, இப்படிக் கேட்க வாய் வருமா?"

டாக்டர் நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வந்தவரை மேடம் பார்வையாலேயே நிறுத்தினார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. டாக்டர் குடுத்த அவசர ஊசியை எங்க வெச்சிருக்கீங்க?"

"பத்திரமா அலமாரியில பூட்டி வெச்சிருக்கேன்."

"கைப்பையில வெச்சிருங்க. அந்த நேரத்தில அலமாரி ரொம்பத் தூரம்."

கதவு ஓசையில்லாமல் மூடியது.

இவளுக்கு மூச்சு வந்தது. அவர் முகத்துக்கு நேரே கேட்க மனம் வராததை இப்போது டாக்டரிடம் கேட்டாள்.

"அந்தக் கடலை கடைக்கு வந்தா முதல்ல எங்களுக்குச் சொல்லிடுவீங்கதானே டாக்டர்? ஸ்கூல்ல இவனைத் தனி பெஞ்ச்ல உட்கார வெச்சுச் சாப்பிட வைக்கிறாங்க. பார்க்கச் சகிக்கலை."

"சொல்றேன்."

"ஒரு பையனுக்கு ஒத்துக்கிச்சுன்னாங்களே, அவன் இப்ப பயமில்லாம சாப்பிடுறானா?"

டாக்டர் மூடிய கதவைப் பார்த்தார்.

"அவன் உயிரோட இல்லைம்மா. கடைசியா இங்க தூக்கிட்டு வந்தப்போ எடுத்த ரத்தம் அது. அதைத்தான் இத்தனை வருஷமா சொட்டுச் சொட்டா எடுத்து, ஒவ்வொரு செடியா பார்த்துக்கிட்டு இருக்காங்க, இப்ப வெளியே போன அவனோட அம்மா."