கல் தெரியாத வெளிச்சம்

சடைச்சிக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. சொந்தமாகப் போட்ட முதல் செங்கல் சூளை. சூடு சரியாக ஏறாவிட்டால் அத்தனை கல்லும் அடுத்த மழையில் சேறாகிவிடும். பார்வைத் துளையில் கண்ணை வைத்தாள். உள்ளே கற்கள் இன்னும் தனித்தனியாகத் தெரிந்தன, சில சிவப்பாக, சில கறுப்பாக. விறகோ தீர்ந்துபோயிருந்தது.

"விட்டுத் தள்ளுங்க மதினி" என்றான் கொழுந்தன் முத்தாண்டி.

"உன் வீட்டுக் கதவு என்ன மரம்?"

"வேம்பு. ஏன் கேக்குறீங்க?"

அதற்குள் அவள் பாதித் தூரம் போயிருந்தாள். கதவையும் நிலையையும் பெயர்த்துவந்து, பிளந்து, அடுப்புவாயில் திணித்தாள். வேம்பு நின்று எரிந்தது.

மறுபடி பார்த்தாள். ஒரு கல்லைக்கூடக் காணோம். விளிம்பில்லை, இடுக்கில்லை, நிழலில்லை. துளை முழுக்க ஒரே வெளிச்சம்.

முத்தாண்டியும் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தான். "எல்லாம் உருகிப்போச்சே மதினி!"

அவள் ஒரு நீளக் கம்பியை உள்ளே விட்டாள். வெறும் வெளிச்சத்துக்குள் அது ணங்கென்று கல்லில் முட்டியது.

"அம்புட்டுக் கல்லும் ஒரே சூட்டுக்கு வந்துருச்சுடா. எதை வச்சு எதைப் பிரிச்சுப் பார்ப்ப?" சொல்லிவிட்டு ஊர் அதிரக் குலவையிட்டாள்.

கொழுந்தனுக்கு அவள் ஒரு வேப்பங்கதவு தரவேண்டியது இன்னும் பாக்கி, நிலையோடு.